ராத்திரிச் சீட்டும் அடைத்த கதவும்

மதுரை மாவட்டத்தில் எழுமலைக்குப் பக்கத்தில், சேடபட்டி வட்டாரத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி விடிகாலையில் போலீஸ் அந்த ஊருக்குள் இறங்கியது. கைரேகை பதிய மாட்டோம், நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள் என்று சொல்லி நின்ற சனங்களின் மேல் துப்பாக்கி நீண்டது. நினைவுத்தூண் 16 பேரைச் சொல்கிறது. பதினைந்து ஆண்கள். ஒருத்தி மட்டும் பெண், மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் என்று ஊர் அவளை நினைவில் வைத்திருக்கிறது. வருசா வருசம் ஏப்ரல் 3ல் தூணுக்கு மாலை விழுகிறது, மேடை போட்டுப் பேசுகிறார்கள். மானம், வீரம், எதிர்ப்பு என்றெல்லாம் பேச்சு போகும். எல்லாம் உண்மைதான்.

ஆனால் அந்தத் தூணின் முன்னால் நிற்கும்போது எனக்கு வேறொரு கேள்விதான் எழுகிறது. குண்டு ஒரு காலைப்பொழுதோடு ஓய்ந்தது. அந்தக் குண்டுக்குக் காரணமான குற்றப் பரம்பரைச் சட்டமோ அதற்குப் பிறகு 27 வருசம் இந்த ஊர்களை ஆண்டது. அத்தனை வருசமும் மாயக்காளைப் போன்ற பெண்கள் வீட்டுக்குள் என்ன பட்டார்கள்? சட்டம் போன பிறகு அவர்களுடைய மகள்களுக்கும் பேத்திகளுக்கும் அது எதை விட்டுச் சென்றது?

சர்வாதிகாரம் என்றதும் நமக்கு ஜெர்மனியும் சிலியும் நினைவுக்கு வரும். நம்மூரில் என்றால் 1975 அவசரநிலை. ஒரு நாடு முழுக்கச் சர்வாதிகாரத்தில் இல்லாமலே, அதன் ஒரு மூலையில் ஒரு கூட்டத்தின் மேல் மட்டும் முழுச் சர்வாதிகாரம் நடக்கலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் அப்படித்தான் நடந்தது. 1871ல் வட இந்தியாவுக்கென்று போட்ட சட்டம், 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் 1914ல் கீழக்குயில்குடியில் தொடங்கியது, நான்கைந்து வருசத்துக்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதின் மேலும் விழுந்தது. ஒரு சாதியையோ ஊரையோ குற்றக் கூட்டம் என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. நீதிமன்றத்துக்கே வாய்ப்பூட்டுப் போட்ட ஆட்சியைச் சர்வாதிகாரம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சனங்கள் அதற்கு வைத்த பேர் ரேகைச் சட்டம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேர் கச்சேரி. பேர் பதிந்த ஆண் குறித்த நேரத்தில் போய் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சீட்டு வாங்க வேண்டும். பலர் ராத்திரியில் ஸ்டேஷனிலோ, அதற்கென்று குறித்த பொது இடத்திலோதான் படுத்துக் கிடந்தார்கள். ராத்திரியில் வெளியே நடமாடக் கையில் இருக்க வேண்டிய காகிதத்துக்கு ராத்திரிச் சீட்டு என்று பேர். அந்த வார்த்தை இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது.

இதை வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும். ஊரில் ஆண்கள் எல்லாரும் கணக்குக் கொடுக்கப் போய்விட்ட ராத்திரி. மண்சுவர், கூரை, தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. உள்ளே ஒருத்திக்கு இடுப்புவலி. மருத்துவச்சி இருப்பது அடுத்த ஊரில். போய்க் கூட்டிவர ஆள் வேண்டும், ஆளுக்குச் சீட்டு வேண்டும். சீட்டு எழுத ஏட்டையா வேண்டும். ஆண் இல்லாத வீட்டுக்குள் சோதனை என்ற பேரில் யார் வந்தாலும் தடுக்க ஆளில்லை, நடந்ததை மறுநாள் போய்ச் சொல்வதற்கு இடமும் இல்லை. சொல்ல வேண்டிய இடமே அந்தக் கச்சேரிதான். இந்தச் சட்டத்தைப் பற்றிய அரசாணைகள் உண்டு, மனுக்கள் உண்டு, துப்பாக்கிச் சூட்டு அறிக்கைகள் உண்டு. பேர் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகைகள் வரிசையாக இருக்கின்றன. பெண்ணின் ராத்திரி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இந்தக் கேள்வியை ஆராய வருகிறவர் முதலில் முட்டி நிற்பது இந்த வெற்றிடத்தில்தான்.

அதற்கு முந்தைய நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க ஒன்றிரண்டு சான்றுகள் உண்டு. தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் கள்ளர்களின் மணமுறிவு வழக்கம் பதிவாகியிருக்கிறது. சாதிசனத்தின் முன்னால் ஒரு துரும்பை எடுத்துக் கொடுத்தால் கல்யாணம் முடிந்தது. துரும்பு கொடுப்பது என்றால் தீர்த்துவிடுவது, துரும்பு வாங்குவது என்றால் அதற்கு ஒத்துக்கொள்வது. ஆண் மட்டுமல்ல, பெண்ணும் கேட்டு வாங்கலாம். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949, 50 வாக்கில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, பிறமலைக் கள்ளரைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார், அது 1957ல் வெளிவந்தது. அவர் பார்த்த சமூகத்திலும் பெண் தீர்த்துக்கொண்டு போவதும், மறுபடி கட்டிக்கொள்வதும் சாதாரணம். விதவைக்கும் மறுமணம் உண்டு. மாப்பிள்ளை வீடு பரிசம் போட்டது, தாய்மாமன் சீர் சுமந்து வந்தான். பெண் காட்டில் வேலை செய்தாள், சந்தைக்குப் போனாள், அவள் கையில் காசு புழங்கியது.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட முடியாது. அடி உதை அப்போதும் இருந்தது. அத்தை மகன், மாமன் மகன் உரிமை என்ற பேரில் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அடிக்கிற புருசனிடமிருந்து வெளியேற அவளுக்கு ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலுக்குச் செலவு ஒரு துரும்பு. இன்று அதே ஊரில் ஒரு பெண் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் வக்கீல், வாய்தா, போட்ட நகை, பெற்ற பிள்ளை, ஊர்ப்பேச்சு என்று எத்தனை தாண்ட வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால் அந்தத் துரும்பின் விலை விளங்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு காகிதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1817ல் டர்ன்புல் என்ற அளவையாளர் கள்ளர்களைப் பற்றி எழுதிய குறிப்பில், சண்டை வந்தால் இந்தப் பெண்கள் தங்கள் பிள்ளையையே எதிராளி வாசலில் கொண்டுபோய்க் கொல்வார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. பிறகு வந்த மாவட்டக் கையேடும் சாதித் தொகுதியும் அதை எடுத்து எடுத்து எழுதின. நூறு வருசத்துக்குப் பிறகு ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று அறிவித்தபோது இப்படிப்பட்ட காகிதங்கள்தான் அடியில் கிடந்தன. கள்ளர் பெண் பிள்ளையைக் கொல்கிறவள் என்ற சித்திரம், உசிலம்பட்டி என்ற பேர் செய்தியில் அடிபடுவதற்கு வெகுகாலம் முன்பே அரசாங்கக் கோப்பில் இருந்தது.

1986 ஜூனில் இந்தியா டுடே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டது. பத்து வருசத்தில் ஆயிரக்கணக்கான பெண் குழந்தைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அதில் ஒரு மதிப்பீடு. எருக்கம்பால், அரளி, தொண்டையில் சிக்கும் நெல்மணி என்று வழிகளையும் விவரித்தது. 1994ல் பாரதிராஜாவின் கருத்தம்மா படம் வந்தது. கள்ளிப்பால் என்றாலே உசிலம்பட்டி என்று ஆகிப்போனது. கொலைகள் நடந்தன, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பிறந்த மூன்றாம் நாளில் மூச்சு நின்றுபோன அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தூண் எழுப்பவில்லை.

ஏன் நடந்தது என்பதற்குத்தான் பல விடைகள் இருக்கின்றன.

ஒரு விடை ரேகைச் சட்டத்தின் மேலேயே பழியைப் போடுகிறது. கச்சேரியில் அவமானப்பட்ட ஆண் அந்தக் கோபத்தை வீட்டில் காட்டினான், அடிபட்ட சமூகம் தன்னில் எளியவளை அடித்தது என்று சொல்வார்கள். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். எனக்கு இதில் பாதிக்கு மேல் ஒப்புதல் இல்லை. அவமானம் எல்லாருக்கும்தான் நேர்ந்தது, பெண்ணுக்கும் நேர்ந்தது. அவள் யாரை அடித்தாள்? மேலே இருப்பவன் அடித்தால் கீழே இருப்பவளை அடிப்பது இயல்பு என்று ஒத்துக்கொண்டால், அடிக்கிறவனுக்கு நாமே ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறோம்.

ஊர்களை ஒப்பிட்டாலும் இந்த விடை முழுசாக நிற்கவில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைக்கு எத்தனை பெண் பிள்ளை என்று பார்த்தால் தமிழ்நாட்டின் எண் 948, சேலம் மாவட்டத்தின் எண் 849. சேலத்தில் இந்தக் கொடுமை பரவியிருந்த எத்தனையோ குடும்பங்கள் ரேகைச் சட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மறுபக்கம், ராமநாதபுரத்து ஆப்பநாட்டு மறவர்களும் அதே சட்டத்தில் கிடந்து நசுங்கியவர்கள்தான். அங்கே சிசுக்கொலை இந்த அளவுக்கு வேரூன்றியதாகப் பேச்சு எழவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் கொலை இருக்கிறது, சட்டம் இருந்த எல்லா இடத்திலும் கொலை இல்லை.

இன்னொரு விடை பணத்தைப் பற்றியது, இது கனமானது. 1959ல் வைகை அணை திறந்த பிறகு தண்ணீர் கண்ட ஊர்களில் காசு புரள ஆரம்பித்தது. நிலமும் படிப்பும் சர்க்கார் வேலையும் உள்ள மாப்பிள்ளைக்கு விலை வந்தது. பரிசம் போட்டுப் பெண் கட்டிய வழக்கம் கவிழ்ந்து, பெண்ணைப் பெற்றவன் சவரன் கணக்கில் போடுகிற வழக்கமாக மாறியது. அதோடு நின்றதா? காதுகுத்து, சடங்கு, தலைப்பிரசவம், மொய், செய்முறை என்று பெண்ணைக் கொடுத்த வீடு சாகிறவரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் எட்டாத மேட்டு ஊர்க்காரனுக்கும் அதே அளவுகோல்தான். மழையை நம்பி வரகும் பருத்தியும் போட்டவன், நஞ்சைக்காரன் போட்ட சவரனுக்கு ஈடு போட வேண்டியிருந்தது. இரண்டாவது பெண், மூன்றாவது பெண் பிறந்தபோது வீட்டில் பேச்சு நின்றது. துய்மோன் 1950ல் பார்த்துவிட்டுப் போன சமூகம் ஒரு தலைமுறைக்குள் இங்கே வந்து நின்றது.

பணம் ஏன் கொன்றது என்பதை விளக்குகிறது. ஏன் தடுக்க முடியவில்லை, ஏன் அத்தனை வருசம் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை என்பதை விளக்கவில்லை. ரேகைச் சட்டத்தின் உண்மையான எச்சம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

போலீசிடம் எதையும் சொல்லாதே. மூன்று தலைமுறை பாலோடு குடித்த பாடம் இது. அன்றைக்கு அது உயிர் காக்கும் பாடம். பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்தால் அவன் அந்தமானுக்கே போகக்கூடும். கேட்டால் தெரியாது, பார்க்கவில்லை, ஆள் ஊரில் இல்லை. ஊரே ஒரே வாயாக நின்றதால்தான் ஊர் பிழைத்தது. அந்த ஒற்றுமைக்கு நான் தலை வணங்குகிறேன். 1947ல் சட்டம் போயிற்று, ஒற்றுமை போகவில்லை. வெளியே இருந்து வந்த கொடுமைக்கு எதிராகக் கட்டிய சுவர், உள்ளே நடந்த கொடுமையை மூடும் சுவராக அப்படியே நின்றது. புருசன் மண்டையை உடைத்தாலும் கச்சேரிக்குப் போகக் கூடாது. போலீஸ் படி ஏறிய பொம்பளை என்ற பேர் வந்தால் அவளுடைய தங்கச்சிக்கும் மாப்பிள்ளை அமையாது. பச்சைப்பிள்ளை திடீரென்று செத்தால் யாரும் கேட்கக் கூடாது, கேட்டாலும் பால் புரையேறிவிட்டது என்று ஒரே பதில்.

கச்சேரிக்குப் போகாதவள் வேறு எங்கே போவாள்? ஊர்க்கூட்டத்துக்கு. அந்தக் கூட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920க்குப் பிறகு அரசு கள்ளர் சீரமைப்பு என்ற பேரில் பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், நிலம் என்று சில நல்ல காரியங்களைத் தொடங்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை இன்றும் பார்க்கலாம், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கரையேற்றிய பள்ளிகள் அவை. அதோடு சேர்ந்து ஊருக்கு ஊர் கள்ளர் பஞ்சாயத்து என்ற அமைப்பையும் போலீசின் மேற்பார்வையில் உருவாக்கினார்கள். யார் நல்லவன், யார் கெட்டவன், யாரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம் என்று சொல்லும் பொறுப்பு அந்தப் பஞ்சாயத்தாருக்கு. பஞ்சாயத்தார் எல்லாரும் ஆண்கள். பழைய சாதிக்கூட்டத்தில் துரும்பு கேட்டு நிற்கப் பெண்ணுக்கு ஓர் இடமாவது இருந்தது. சர்க்கார் முத்திரை பெற்ற புதிய கூட்டத்துக்கு வேலையே ஊரின் நல்ல பேரைக் காப்பாற்றுவது. ஊரின் நல்ல பேர் கெடாமல் பார்த்துக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும்: சேர்ந்து வாழு, பொறுத்துப்போ, புள்ள முகத்தைப் பாரு.

ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் பிறமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்து 2009ல் ஒரு நூல் வெளியிட்டார். திருடனைக் குடியானவனாகத் திருத்துவது என்ற அரசின் திட்டம் அந்தச் சனங்களின் மனசாட்சிக்குள்ளேயே எப்படிப் புகுந்தது என்பதை நிலமும் உழவும் வழியாக அவர் காட்டுகிறார். தமிழில் சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் இந்தச் சட்டத்தின் வருகையைப் பெருங்கதையாகச் சொன்னது, 2011ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டிலும் சட்டம் முட்டி மோதுவது பெரும்பாலும் ஆணின் உடம்போடும் ஆணின் மானத்தோடும்தான். அந்த வரலாற்றின் பெண்பாதியை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும்.

மற்ற நாடுகளில் இந்தப் பாதியை எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ 1944ல் பழைய தண்டனைப் பிரிவு ஒன்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். கள்ளத்தொடர்பில் கண்ட மனைவியைக் கொன்ற கணவனுக்கு ஊரை விட்டு விலக்கி வைப்பதே தண்டனை. 1963 வரை அது இருந்தது. கணவன் அனுமதியில்லாமல் பெண் வேலைக்குச் சேரவோ வங்கிக் கணக்குத் திறக்கவோ முடியாது என்ற நிலை 1975 வரை நீடித்தது. அந்த வருசம் பிராங்கோ செத்தார். பிறகு தேர்தல் வந்தது, அரசியல் சாசனம் வந்தது. ஆனால் 1997 டிசம்பரில் அனா ஒரான்தெஸ் என்ற 60 வயதுப் பெண், 40 வருசம் தான் பட்ட அடியைத் தொலைக்காட்சியில் சொன்ன சில நாளில், முன்னாள் கணவன் அவரை எரித்துக் கொன்றான். பலமுறை புகார் கொடுத்திருந்தார். விவாகரத்துக் கொடுத்த நீதிமன்றமே இருவரையும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக வசிக்கச் சொல்லியிருந்தது. ஸ்பெயின் அதற்குப் பிறகுதான் விழித்தது, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான முழுமையான சட்டம் 2004ல் வந்தது. சர்வாதிகாரி போய் 29 வருசம். சிலியில் சர்வாதிகாரி பினோசேயை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெண்கள், நாட்டிலும் ஜனநாயகம் வேண்டும் வீட்டிலும் ஜனநாயகம் வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது, ஒன்று வந்தால் மற்றது தானாக வந்துவிடாது என்று.

நம் நாட்டின் அவசரநிலை விட்டுச்சென்ற தடத்தை நாம் அவசரநிலையோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. 1976, 77ல் நாடு முழுக்க 82 லட்சத்துக்கும் மேல் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைகள் நடந்தன, முக்கால்வாசி ஆண்களுக்கு. பிடித்துக்கொண்டு போய் அறுத்தார்கள். ஆண்கள் கோபப்பட்டார்கள், ஓட்டுப்போட்டு ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த அரசும் ஆணைத் தொடவில்லை. இலக்கு மட்டும் போகவில்லை, அது பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் நாட்டளவில் சுமார் 38 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் 57 சதவீதத்துக்கும் மேல். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்து முகாமில் சில மணி நேரத்துக்குள் 80க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுவை நடந்தது, பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரு சர்வாதிகாரம் ஆணுக்குச் செய்ததை, ஜனநாயகம் சத்தமில்லாமல் பெண்ணுக்கு மாற்றி எழுதிக்கொண்டது.

ஜனநாயகத்துக்குள்ளேயே தீவு போலச் சர்வாதிகாரம் நடப்பதற்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைவிடச் சான்று வேண்டுமா? 1992 ஜூன் 20ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஒரு பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருசம் கழித்து, 2023ல் அதே தேதியில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ரேகைச் சட்டத்து ஊர்களின் பெண்களுக்கும் வாச்சாத்திப் பெண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். வாச்சாத்திப் பெண்கள் பேசினார்கள், 30 வருசம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். கூட நிற்கச் சங்கம் இருந்தது, கட்சி இருந்தது. 1920களில் கள்ளர்களுக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பேரையே வைத்தார்கள். அப்படிப்பட்ட மனிதர் இருந்தும், ஒரு பெண் அவரிடம் போய்த் தன் ராத்திரியைப் பற்றிச் சொல்ல முடிந்திருக்காது.

மறுபடி உசிலம்பட்டிக்கு வருவோம். 1986க்குப் பிறகு அரசு இந்த ஊர்களுக்குள் திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கு வந்தது. வேண்டாம் என்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிடு. அதனால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு, அந்த உயிர்களுக்கு முன்னால் வாதம் செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்தத் தொட்டில் பேசியது தாயிடம் மட்டும். சவரன் கேட்ட மாமனாரிடம் அது ஒன்றும் கேட்கவில்லை. வழக்குப் போட்டபோதும் கைதானவர்களில் அதிகம் பெற்றவளும் பாட்டியும்தான். கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தார்கள், வீடு வீடாக வந்து பிரசவ தேதி குறித்தார்கள், பிறந்தது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். கண்காணித்ததில் தப்பில்லை, பிள்ளை பிழைக்க வேண்டும். ஆனால் பெரியவர்களுக்குப் பழைய பதிவேடு நினைவுக்கு வந்திருக்காதா? தாத்தாவின் கட்டைவிரல் ரேகையை எடுத்த அரசு இப்போது பேத்தியின் வயிற்றை எழுதிக்கொண்டது. வந்தவர்களில் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள், கூடவே உட்கார்ந்து பேசியவர்கள்தான். இந்தியக் குழந்தைகள் நலச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உசிலம்பட்டியில் மாதர் குழு அமைத்துப் பல வருசம் செய்த வேலைக்கு இந்த மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு.

கொலை குறைந்தது. அதோடு ஸ்கேன் வந்தது, வயிற்றிலேயே பார்த்து அழிக்கும் வழி வந்தது, 1994ல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆயிரம் ஆண் பிள்ளைக்கு எத்தனை பெண் பிள்ளை என்ற தமிழ்நாட்டின் எண் 1991ல் 948, 2001ல் 942, 2011ல் 943. சேலத்தின் எண் மேலேறியும் மாநிலத்தின் எண் தேறவில்லை. 2020 மார்ச்சில்கூட செக்கானூரணிப் பக்கம் ஒரு மாதப் பெண் குழந்தை செத்து, பெற்றவர்கள் கைதான செய்தியைப் படித்தோம்.

வீட்டுக்குள் விழும் அடியைப் பொறுத்தவரை இது ஒரு சாதியின் கதை இல்லை. அதே 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைக் கண்டதாகச் சொன்னார்கள், நாட்டளவில் 29 சதவீதம். படிப்பிலும் வருமானத்திலும் முன்னால் நிற்கும் மாநிலம் இதிலும் முன்னால் நிற்கிறது. உசிலம்பட்டியைக் கைகாட்டிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. நாட்டில் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். முக்கால்வாசிக்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலுக்குப் போனவர்கள் இன்னும் சொற்பம். 1992ல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கியது நல்ல காரியம், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கச்சேரி என்ற சொல்லுக்குப் பயந்து வளர்ந்த ஊரில், காக்கிச்சட்டை போட்டவள் பெண் என்பதால் மட்டும் படி தாழ்ந்துவிடுவதில்லை.

அப்படியே மனம் துணிந்து போனாலும் என்ன நடக்கிறது? 2014ல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் வேறு சாதி இளைஞரைக் கட்டிக்கொண்டார். விசயம் போலீசுக்குப் போனது. பிறகு அவர் பெற்றோர் வீட்டுக்கே போக நேர்ந்தது. சில நாளில் செத்தார், உடல் அவசர அவசரமாக எரிக்கப்பட்டது. அந்த வழக்கில்தான் 2016 ஏப்ரல் 13ல் சென்னை உயர்நீதிமன்றம், சாதி மறுத்து மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. போலீசும் குடும்பமும் எதிரெதிர் அணி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெண்ணைத் திருப்பி ஒப்படைக்கும் விசயத்தில் இரண்டும் எத்தனை சுலபமாக ஒரே அணி ஆகிவிடுகின்றன.

சட்டத்தின் பழைய வாசனை முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. சென்னை மாகாணம் 1947ல் ரேகைச் சட்டத்தை நீக்கியது, அடுத்த வருசமே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுக்க நீக்கியது 1952ல். சிறைக் கையேடுகளில் சாதிப் பாகுபாடும், ரேகைச் சட்டத்திலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் எழுத்தும் இன்னும் இருப்பதை 2024 அக்டோபர் 3ல்தான் உச்சநீதிமன்றம் கண்டித்து நீக்கச் சொன்னது. 77 வருசம். ஆண்களைப் பற்றிக் காகிதத்தில் இருந்த களங்கத்தைத் துடைக்கவே அத்தனை காலம் ஆனது.

காகிதத்திலேயே ஏறாததை எங்கே போய்த் தேடுவது? 1947ல் பத்து வயதாக இருந்த சிறுமிக்கு இன்றைக்கு 88ஐத் தாண்டியிருக்கும். எழுமலையிலும் சேடபட்டியிலும் உசிலம்பட்டியைச் சுற்றிய ஊர்களிலும் அப்படிப்பட்ட அப்பத்தாக்கள் சிலர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காது மந்தம், கண் மங்கல், பேச்சு தெளிவு. ரேகைச் சட்டம் என்றால் அவர்களிடம் எல்லாரும் போய்க் கேட்பது அவர்களுடைய அப்பாவைப் பற்றித்தான். எத்தனை மணிக்குப் போவார், எங்கே படுப்பார், எப்படி அடித்தார்கள் என்று. அந்த அப்பத்தாவிடம் அவளைப் பற்றியும் அவள் அம்மாவைப் பற்றியும் கேட்க வேண்டும். உன் அம்மா அந்த ராத்திரிகளில் கதவை எப்படி அடைத்தாள், உள்ளே என்ன முட்டுக் கொடுத்தாள்? யார் வந்து தட்டினார்கள்? காலையில் உன் அப்பா திரும்பி வந்து முதல் பேச்சு என்ன பேசினார், கை ஓங்கினாரா? பிரசவத்துக்கு யார் வந்தது? உனக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன அக்கா யாராவது உண்டா? பக்கத்தில் ஆண்கள் யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், ஒரு பெண்ணே போய் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும். மதுரையைச் சுற்றி எத்தனை கல்லூரிகள், எத்தனை வரலாற்றுத் துறைகள், எத்தனை மாணவிகள் இருக்கிறார்கள். இந்தச் சித்திரை வெயில் தாழ்வதற்குள் போனால்கூடச் சிலரைப் பார்த்துவிடலாம்.